பின்கழுத்தில் ஒரு கொத்து முடி

சுருட்டை முடியைக் காய்ந்த பிறகு சீவக் கூடாது, மேடம். நீங்கள் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தபோதே சொல்ல நினைத்தேன். எண்ணெயை வழிய வழியத் தடவி, நெருக்கமான பல் சீப்பால் இழுத்து, இறுக்கிக் கொண்டை போட்டிருக்கிறீர்கள். நெற்றியோரத்தில் முடி அறுந்து மேலே ஏறத் தொடங்கிவிட்டது. தலைக்குக் குளித்ததும், தண்ணீர் சொட்டும்போதே விரலால் சிக்கெடுக்க வேண்டும். நுனியில் ஆரம்பித்து மேலே போக வேண்டும். துண்டால் தேய்க்காமல் பழைய பனியன் துணியால் ஒற்றி எடுங்கள். மூன்று மாதம் செய்து பாருங்கள், பிறகு நீங்களே என்னைத் தேடுவீர்கள்.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

என் பெயர் ஜெயம். வயது ஐம்பத்தொன்று. வீடு அரியாங்குப்பத்தில். வீட்டுக்காரர் பெயர் பாவாடை. மில்லில் இருந்தவர், மில் மூடிய பிறகு வாட்ச்மேன் வேலை பார்த்தார், போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் தட்டாஞ்சாவடியில் கோவிந்தராசு என்பவரின் கம்பெனியில் தலைக்குப் போடும் பொடிகளைப் பாக்கெட் போடுகிறேன். சீயக்காய், வெந்தயம், செம்பருத்தி, கருப்பு மருதாணி. பதினாலு வருடமாக அதே மேசை, அதே ஸ்டூல். எனக்கு ஒரே பெண், இனியா.

மாலா எங்களுக்கு எதிர்வீடு. அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் மில்லில் ஒரே ஷிப்ட். அவள் வீட்டு முன்னறையில் பார்லர் வைத்திருக்கிறாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் பெண் தாமரைச்செல்விக்கு இருபத்திரண்டு வயது. இப்போது ஆஸ்பத்திரியில் கிடப்பவள் அவள்தான். மருந்தைத் தப்பாகக் கலந்துவிட்டேன், என் கைதான் தவறிவிட்டது என்று மாலா எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். அவள் கை தவறவில்லை. அவளுக்கு அது தெரியாது. கடைசிவரைக்கும் தெரியாமலே போய்விட்டால் நான் இத்தனை நாள் பொறுத்திருந்ததற்கு என்ன பயன்? அதனால்தான் வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் இனியாவின் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது புரியாது.

பிறக்கும்போதே அவளுக்குச் சுருள் சுருளாக முடி. தெருவில் குருவிக்கூடு என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஸ்பிரிங் என்று கூப்பிட்டு, இழுத்து விட்டுப் பார்ப்பார்கள். டீச்சர் ஒருத்தி என்னைக் கூப்பிட்டனுப்பி, "புள்ள தலைய கொஞ்சம் படிய வாரி அனுப்பக் கூடாதாம்மா?" என்று கேட்டாள். நான் படிய வாரவில்லை. அந்த முடியை அதன் போக்கில் விட்டு வளர்த்தேன். ஆளிவிதையைக் கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, வரும் வழவழப்பைக் கொத்துக் கொத்தாகத் தடவி, விரலில் சுற்றிச் சுற்றி விடுவேன். பஞ்சுத் தலையணை முடியின் ஈரத்தை உறிஞ்சும் என்று என் கல்யாணப் பட்டில் கிழிந்த பகுதியை உறையாகத் தைத்துப் போட்டேன். காலேஜ் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பாலத்தைத் தாண்டும்போது, அந்த முடியைப் பார்க்க நான் என் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன்.

பத்தொன்பது வயதில் இளநரை வந்தது. வகிட்டில் நாலு, காதோரம் ஏழெட்டு. எங்கள் தெருவில் அது தெரிந்தால் போதும், பெண்ணுக்கு ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னாலேயே சேதி போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துப் பக்கம் உட்காரவைத்து, கம்பெனியில் ஓரம் கிழிந்துபோன பாக்கெட்டிலிருந்து கருப்பு மருதாணியை எடுத்து, செம்பருத்தி விழுதோடு கலந்து போட்டுவிடுவேன். யாருக்கும் தெரியாது. மாலாவுக்கும் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வில்லியனூர்ப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. பையனின் அம்மா போட்டோவைப் பார்த்துவிட்டு போனில், "பொண்ணு லட்சணமா இருக்கா, முடிதான் ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு.

"இப்படியே வந்து பாக்கட்டும்மா. புடிச்சா புடிக்கட்டும்" என்றாள் இனியா.

"ஒரு நாளைக்குத்தானடி. அப்புறம் வளத்துக்கலாம், நான் இல்லியா?" என்றேன்.

சனிக்கிழமை காலையில் மாலாவின் நாற்காலியில் உட்காரவைத்தேன். முடியை நேராக்க இரண்டு மருந்து உண்டு, மேடம். முதலில் ஒரு க்ரீம். அதைக் கழுவி, இழுத்து நேராக்கிவிட்டு, இரண்டாவது மருந்தைப் போடுவார்கள். இரண்டாவதைப் போட்டதும் இனியா, "எரியுது சித்தி" என்றாள். தலையிலிருந்து ஆவி கிளம்பியது. மாலா அவளை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் பிடித்தாள். முடி ஊறிப்போன சேமியாவாக அவள் கையோடு வந்தது.

தொழில் தெரிந்தவள் கேட்க வேண்டாமா? தலையில் ஏற்கெனவே ஏதாவது போட்டிருக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை. பார்லர் வைத்திருப்பவள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதானே. கேட்காமல் என் பெண்ணின் தலையில் கை வைத்தாள். என் கோபமெல்லாம் அந்த ஒன்றில்தான். நீங்கள் அந்தத் தாளைப் புரட்டுகிறீர்கள். புரட்டுங்கள், நான் நிறுத்துகிறேன்.

நிறுத்த வேண்டாமா? சரி.

இரண்டு வாரம் ஆஸ்பத்திரி. மிச்சமிருந்ததையும் மழித்துவிட்டார்கள். வலது காதுக்குப் பின்னால் ஒரு உள்ளங்கை அளவு வெந்துபோனது, அங்கே இனி முளைக்காது என்று டாக்டர் சொன்னார். வரன் போனது, அது கிடக்கட்டும். இனியா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மொட்டைத் தலையோடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். போன் போட்டால் எடுக்க மாட்டாள். அவ்வளவு வேதனை அவளுக்கு. இந்தத் தெருவுக்கு வந்தால் மாலாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் வரவில்லை. தாமரையோடு மட்டும் போனில் பேசிக்கொண்டிருந்தாள். சின்னப் பெண்கள், அவர்களுக்குள் ஆயிரம் இருக்கும்.

மாலா நாலு மாதம் பார்லரைத் திறக்கவில்லை. தினம் மத்தியானம் ரசமும் அப்பளமும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவாள். என் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுகிறேனா என்று பார்ப்பாள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். குற்றமில்லாதவள் பேசுவாள், இல்லையா? ஒரே ஒரு முறை, ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அன்னிக்கு நீங்க" என்று ஆரம்பித்தாள். உள்ளே கட்டிலிலிருந்து இனியா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலா, "ஒண்ணுமில்லக்கா, நீங்க சாப்பிடுங்க" என்று முடித்துக்கொண்டாள். அந்த ரசத்தையும் நான் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள், பேச்சோடு பேச்சாகக் கோவிந்தராசுவிடம் கேட்டேன். அவர் கருப்பு மருதாணி பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் கடுகு மாதிரி இருந்த எழுத்தைக் காட்டினார். முடி நேராக்குகிறவர்கள் இதைப் போடக் கூடாது என்று போட்டிருக்கிறதாம். இலைப்பொடியோடு நீல டிரம்மிலிருந்து ஒன்றைக் கலப்பார்கள், கருப்பு அதனால்தான் வருகிறது. அது முடியிலேயே தங்கிவிடும், பார்லர் மருந்து மேலே பட்டால் கொதிக்கும் என்றார். அந்தச் சீட்டை ஒரு நாளைக்கு எண்ணூறு ஒட்டுகிறவள் நான். ஒட்டுகிறவளுக்குப் படிக்க எங்கே நேரம்?

தாமரை என்னிடம் வந்தது அப்புறம்தான். அவள் பத்தாம் வகுப்பு படித்ததிலிருந்தே மாலா அவள் தலையில் மருந்து போட்டுப் போட்டுத்தான் தொழில் கற்றாள். தாமரைக்கும் சுருட்டைதான், தெருவில் யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். வாசலில் நின்றுகொண்டு, "பெரிம்மா, இனிமே எங்கம்மா என் தலைல கைய வெக்க வேணாம். இனியாவுக்குப் பாத்த மாதிரி எனக்கும் பாருங்க" என்றாள்.

காது வரைக்கும் வெட்டிவிட்டேன். மருந்து பட்ட முடி முழுக்கப் போனது. ஒன்றரை வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை. வெந்தயம், தேங்காய்ப்பால், அரப்பு. முதல் ஆறு மாதம் முடி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது. அவள் அழுவாள். "இருடி, அதுக்கு இப்பத்தான் தன் ஞாபகம் வருது" என்பேன். பிறகு ஒரு சுருள் விழுந்தது, அப்புறம் எல்லாம் விழுந்தன. கடற்கரையில் நின்று போட்டோ எடுத்துப் போட்டாள், ஊரிலுள்ள பெண்களெல்லாம் யார் பார்த்துவிட்டது என்று கேட்டார்களாம். வெறுப்போடு செய்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள். என் கைக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. சிக்கெடுக்கும்போது என் மடியிலேயே தூங்கிவிடுவாள். கால் மரத்துப்போனாலும் அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஒன்றரை வருடமும் நான் எதிர்வீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலா மறுபடி பார்லரைத் திறந்திருந்தாள். இப்போது ரொம்பக் கவனம். யார் வந்தாலும் தலையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். கேட்டது போதாதென்று, பின்கழுத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கொத்தைப் பிரித்து, இரண்டு மருந்தையும் அதில் மட்டும் போட்டு அரைமணி நேரம் காத்திருந்தாள். "ஏன் மாலா அங்கயே பாக்கற?" என்று கேட்டேன். "அங்க கெட்டாலும் வெளிய தெரியாதுல்லக்கா" என்றாள். எவ்வளவு அக்கறை. என் பெண்ணின் தலையில் கற்றுக்கொண்ட அக்கறை.

இந்த வருடம் தைக்குப் பிறகு தாமரைக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை பெயர் தமிழ்மாறன். நல்ல பையன், அவனுக்கு அந்தச் சுருட்டைதான் பிடித்திருந்தது. அவன் வீட்டில்தான், ரிசப்ஷனுக்கு முடி நேராக, இடுப்பு வரைக்கும் சவுரி வைத்துப் பின்ன வேண்டும் என்றார்கள். மாலாவுக்கும் ஆசை, தன் பெண்ணுக்குத் தன் கையால் செய்ய வேண்டும் என்று. தாமரை முடியாது என்று சொல்லிவிட்டாள். மாலா வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியது நான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. "பெரிம்மா, நீங்களா சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"ஒங்கம்மா மனசு குளுரட்டும்டி. ஒரு நாளைக்குத்தான. அப்புறம் வளத்துக்கலாம், நான் இல்லியா?"

நான் சொன்னதால் சம்மதித்தாள். வேறு யார் சொன்னாலும் சம்மதித்திருக்க மாட்டாள்.

அந்த மூன்றிலும், அதற்கு அடுத்த மூன்றிலுமாக ஆறு ஞாயிற்றுக்கிழமை செம்பருத்தி விழுதில் கருப்பு மருதாணியைக் கலந்தேன். அவளுக்கு நரை ஒன்றுகூட இல்லை. "என்னா பெரிம்மா, இப்பல்லாம் கருப்பா இருக்கு?" என்றாள். "கல்யாணப் பொண்ணுக்கு முடி கருகருன்னு இருக்க வேணாமா? செம்பருத்தியோட கரிசலாங்கண்ணி சேத்திருக்கேன்" என்றேன். ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாக, பின்கழுத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கொத்தைப் பிரித்துக் கிளிப் போட்டு, பிளாஸ்டிக் தாளில் சுற்றிவிடுவேன். அதில் ஒரு துளி படவிடவில்லை. ஆறு வாரமும் அந்தக் கொத்துக்கு வெறும் தேங்காய்ப்பால்தான். தடயச் சோதனையில் எல்லா முடியும் ஒரு மாதிரியும், அந்த ஒரு கொத்து மட்டும் வேறு மாதிரியும் இருப்பதாகச் சொன்னீர்களே, அது இதுதான்.

புதன்கிழமை காலை பத்து மணி. வெள்ளிக்கிழமை ரிசப்ஷன். என்னை மாலாவே வந்து கூப்பிட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காப்பி கொடுத்தாள்.

"என்னாடி போட்டிருக்க தலைல?" என்று பெண்ணைக் கேட்டாள்.

"பெரிம்மா போடறதுதாம்மா."

மாலா என் பக்கம் திரும்பினாள். "வேற ஒண்ணும் இல்லல்லக்கா?"

"செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும்தான் மாலா."

பின்கழுத்துக் கொத்தைப் பிரித்தாள். இரண்டு மருந்தும் போட்டாள். அரைமணி நேரம் மண்டபம், பூ, சாப்பாடு என்று பேசிக்கொண்டிருந்தோம். கொத்து நல்லபடியாக வந்தது. விரலில் சுற்றி எனக்குக் காட்டினாள். சிரித்தாள். இரண்டு வருடத்தில் அவள் பல் தெரியச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு தலை முழுக்க ஆரம்பித்தாள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது மருந்தைப் போட்டதும் தாமரை எழுந்துவிட்டாள், மருந்து வழிந்து கண்ணில் இறங்கியது. மாலா வெறுங்கையாலேயே முடியை அள்ளினாள், அதனால்தான் அவள் கை இரண்டும் அப்படி ஆயிருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வலது கண் பிழைத்துவிடும் என்கிறார்கள். இடது கண்ணைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம். அந்தப் பெண் அவ்வளவு வலியிலும் அம்மா என்று கூப்பிடவில்லை, மேடம். பெரிம்மா, பெரிம்மா என்றுதான் கூப்பிட்டாள். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மாலாவின் முகத்தைப் பார்த்தேன். கையில் தன் பெண்ணின் முடியை வைத்துக்கொண்டு, என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் நின்றாள். நான் நின்ற அதே இடத்தில், அதே குழாயடியில். அதைப் பார்த்ததும் மனசு அடங்கிவிட்டது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்றைக்கு மத்தியானமே இனியாவுக்குக் குரல் பதிவு அனுப்பினேன். "ஒனக்கு நடந்தது இன்னிக்கு அவ பொண்ணுக்கு நடந்துடுச்சு. நான்தான் செஞ்சேன், ஒனக்காகத்தான். இனிமே நீ ஊட்டுக்கு வரலாம்." இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நீல டிக் விழுந்தது. வருவாள் என்று எனக்குத் தெரியும்.

வந்தாள். வீட்டுக்கு வரவில்லை, இங்கே வந்திருக்கிறாள். காலையில் நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என்னைத் தாண்டி உங்கள் அறைக்குப் போனாள். முடி வளர்ந்திருக்கிறது, மேடம். கழுத்து வரைக்கும் சுருள் சுருளாக. ஈரத்தில் சிக்கெடுத்து, துணியால் ஒற்றி, அப்படியே விட்டிருக்கிறாள், பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நான் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை. வகிட்டில் வெள்ளை முடி நன்றாகத் தெரிகிறது, ஒன்றையும் மறைக்கவில்லை. காதுக்குப் பின்னால் வெந்த இடத்தைக்கூட மூடவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்ணுக்குப் பெங்களூர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்பது புரிகிறது. கருப்பு மருதாணிதான் காரணம் என்று கோவிந்தராசு சொல்லி எனக்குத் தெரியும் என்றால், இனியாவின் தலையில் அதைப் போட்டது யார் என்றும் எனக்குத் தெரியும்தானே என்கிறீர்கள். தெரியும். நான்தான் போட்டேன், முதலிலேயே சொன்னேனே. போட்டது தப்பில்லை. கேட்காமல் கை வைத்ததுதான் தப்பு.

இனியா எழுதிக் கொடுத்த அந்தத் தாளைப் படித்துக் காட்டியே ஆக வேண்டும் என்றால் படியுங்கள்.

ம்.

அவள் எழுத்துதான். சின்ன வயசிலிருந்தே முத்து முத்தாக எழுதுவாள். அம்மா என் தோளில் கை வைத்து அழுத்தி, நான் சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் செய்தார்கள் என்று எழுதியிருக்கிறாளா? அழுத்தியிருப்பேன். மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள். போட்டிருக்கிறோம் என்றால் மாலா அன்றைக்கு மருந்தைத் தொட்டிருக்க மாட்டாள். ஏன் போட்டீர்கள் என்று கேட்பாள், நரை என்று சொல்ல வேண்டும், சாயந்திரத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். பெண்ணைப் பெற்ற எவளும் ஒன்றும் போடவில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். இதை மாலா இத்தனை நாளில் யாரிடமும் சொல்லவில்லையே, உங்களிடம்கூடச் சொல்லவில்லையே. நடந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா?

பேனாவைக் கொடுங்கள். ஆனால் ஒன்று. மாலா சித்தி அம்மாவை மூன்று தடவை கேட்டார்கள் என்று இனியா எழுதியிருக்கிறாள். அது தப்பு, மேடம். மாலா இரண்டு தடவைதான் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அதை மட்டும் திருத்திவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.